அனுமதியில்லாமல் நீட்டிய வீட்டைச் சட்டப்படி சரிசெய்வது எப்படி: கோலாலம்பூர், பினாங்கு வீட்டுக்காரர்களுக்கு

செந்தூலில் என் அக்கா வீடு 20க்கு 65 அடி டெரஸ் வீடு. முன்னால் இருந்தவர் பின்பக்கச் சமையலறையை எல்லைச் சுவர் வரை இழுத்துக் கட்டி, கூரை போட்டு, அழகாக டைல்ஸும் பதித்து விற்றிருந்தார். ஏழு வருடம் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, வீடு நிறைய ஆள். முறுக்குச் சட்டியும் கறிக் குண்டானும் கழுவிக்கொண்டிருக்கும்போதே கீழ்க் குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகக் கழிவுநீர் மேலே வந்தது. அவசரமாக வந்த பிளம்பர் கேட்ட முதல் கேள்வி, "மேன்ஹோல் எங்கக்கா இருக்கு?" யாருக்கும் தெரியவில்லை. அது அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், டைல்ஸுக்கு அடியில் இருந்தது. தீபாவளி அன்று விடிகாலை, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டிய நேரத்தில், சமையலறைத் தரையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் அந்தச் சமையலறைக்கு அனுமதியே கிடையாது என்று தெரிந்தது. அதைச் சரிசெய்ய நானும் மச்சானும் மாதக் கணக்கில் அலைந்தோம். அலைந்ததில் பாதி, வரிசை தெரியாததால் வந்த அலைச்சல். நேராகக் குத்தகையாளரிடம் போனோம், பிறகு மாநகர் மன்றத்துக்குப் போனோம், அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். சரியான வரிசை இதுதான்: முதலில் காகிதம், பிறகு டேப், பிறகு பதிவு பெற்ற ஆள், கடைசியில்தான் மன்றம். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள், இன்னொருவர் கட்டியதை வாங்கியவர்கள், இனிமேல் இடிக்கப்போகிறவர்கள், மூன்று பேருக்கும் இதே வரிசைதான்.

எந்த வேலைக்கு எந்த அனுமதி

அனுமதி என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு.

ஒன்று கட்டடப் பிளான் அனுமதி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு இதைக் கேட்கிறது. இது 133ஆவது சட்டம். மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது, மாற்றவும் கூடாது. அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஜன்னல் எவ்வளவு, பொதுச்சுவர் எவ்வளவு கனம் என்பதையெல்லாம் யுபிபிஎல் என்று எல்லோரும் சொல்கிற சீரான கட்டடத் துணைவிதிகள் தீர்மானிக்கின்றன.

இன்னொன்று திட்ட அனுமதி. நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம், வெளித்தோற்றமும் உயரமும் பரப்பளவும் எப்படி மாறுகின்றன என்பதைப் பார்ப்பது இது. கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் இதற்கு உரியது. பினாங்கில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆவது சட்டம். அங்கே கவுன்டரில் 'கெபெனாரான் மெரன்சாங்' என்று கேட்டால்தான் புரியும். வீட்டைப் பாலர் பள்ளியாகவோ, டியூஷன் சென்டராகவோ, தொழிலாளர் விடுதியாகவோ மாற்றியிருந்தால், ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாவிட்டாலும் பயன்பாடு மாறிவிட்டது. அதற்குத் திட்ட அனுமதி வேண்டும்.

பெயிண்ட், பழைய டைல்ஸை மாற்றுவது, கேபினெட் இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே ஒரு தடுப்புச்சுவர் எடுப்பது, குளியலறையைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சிறுவேலை பெர்மிட் போதும். கட்டடக் குப்பையை அள்ளிப்போட ரோரோ என்கிற பெரிய இரும்புத் தொட்டியும் வைப்புத்தொகையும் கேட்பார்கள். பின்பக்க நீட்டிப்பு, கார் நிறுத்தும் இடத்துக்கு நிரந்தரக் கூரை, மேல்மாடி, பால்கனியை அறையாக்குவது, ஏர்வெல்லை (காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வீட்டு நடுவில் விடுகிற திறந்த இடம்) மூடுவது, கட்டடத்தைத் தாங்குகிற சுவரை எடுப்பது எல்லாம் பிளான் போட வேண்டிய வேலைகள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும். "நீட்டின பகுதிக்கும் சேர்த்துத்தான் மதிப்பீட்டு வரி கட்டுறேன், அப்புறம் என்ன?" என்று என் மச்சானே சொன்னார். வரி என்பது இருக்கிற கட்டடத்தின் மதிப்புக்குப் போடுவது. வரி ரசீது அனுமதிக் கடிதம் ஆகாது. "இந்த வரிசையில எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்காங்க" என்பதும் அனுமதி ஆகாது. அந்த வரிசை முழுவதற்கும் ஒரே நாளில் நோட்டீஸ் வரலாம்.

முதல் படி: அங்கீகரிக்கப்பட்ட பிளானைக் கையில் வாங்குங்கள்

வீடு வாங்கியபோது லாயர் கொடுத்த ஃபைலை எடுங்கள். மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கிய வீடு என்றால் ஒப்பந்தத்தோடு தரைப் பிளான் இணைத்திருப்பார்கள். இரண்டாம் கை வீட்டுக்கு அது பெரும்பாலும் இருக்காது. அப்போது மன்றத்தின் கட்டடப் பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட பிளானின் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கோலாலம்பூரில் ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கிற மாநகர் மன்றத் தலைமையகத்தில் தொடங்குங்கள். உரிமையாளர் என்று காட்ட அடையாள அட்டை, கிராண்ட் (நிலப் பட்டா) நகல், மதிப்பீட்டு வரி பில் மூன்றையும் கொண்டுபோங்கள். வரி பில்லில் இருக்கிற கணக்கு எண் இருந்தால் அவர்கள் தேடுவது எளிது.

பிளானோடு குடிபுகும் சான்றிதழையும் தேடுங்கள். 2007 ஏப்ரல் 12க்கு முன்னால் மன்றமே சிஎஃப் என்ற பெயரில் இந்தச் சான்றிதழைக் கொடுத்தது. அதற்குப் பிறகு அதன் இடத்துக்குச் சிசிசி என்ற சான்றிதழ் வந்தது. அதைக் கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் போன்ற பொறுப்பாளரே கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். முன்னால் இருந்தவர் நீட்டிப்புக்கு அனுமதி வாங்கியிருந்தால், அந்தப் பகுதிக்கும் தனியாக இப்படி ஒரு காகிதம் இருந்தாக வேண்டும். "அனுமதி வாங்கித்தான் கட்டினேன்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். முத்திரை போட்ட பிளானும் சான்றிதழும் இரண்டும் வேண்டும்.

கிராண்டில் நிலத்தின் வகையையும் நிபந்தனையையும் பாருங்கள். குடியிருப்புக் கட்டடம் என்று எழுதியிருந்தால் அந்த நிபந்தனையை மாற்றுவது நில அலுவலகத்து வேலை. மன்றம் அதைச் செய்யாது.

இரண்டாம் படி: டேப்போடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஒதுக்குங்கள். என் அனுபவத்தில் பணத்தை மிச்சப்படுத்தியது இந்தப் படிதான். பிளானை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சிவப்புப் பேனாவால், வீட்டில் இருப்பதும் பிளானில் இருப்பதும் ஒத்துப்போகாத இடத்தையெல்லாம் குறியுங்கள்.

முதலில் ஏர்வெல்லைப் பாருங்கள். நம் வீடுகளில் அதிகம் காணாமல் போவது இதுதான். மழை உள்ளே வருகிறது, பூனை வருகிறது, திருடன் பயம் என்று நடுவில் வானம் தெரிந்த இடத்துக்குத் தகரமோ கண்ணாடியோ போட்டு மூடி, கீழே சாமி அறையாகவோ கிரைண்டர் வைக்கும் இடமாகவோ ஆக்கிவிடுகிறோம். இரண்டு மாடி வரையிலான வீட்டில் அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் தருகிற ஏர்வெல்லுக்கு யுபிபிஎல் கேட்கிற குறைந்தபட்ச அளவு 7 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 75 சதுர அடி. எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. அதை மூடியவுடன் அதைப் பார்த்துத் திறக்கிற படுக்கையறை ஜன்னல் எல்லாம் பொய் ஜன்னல் ஆகிவிடுகிறது. அக்கா வீட்டு நடு அறையில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்துக்கொண்டே இருந்ததன் காரணம் எங்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஜன்னல் திறந்தால் பக்கத்தில் சாமி அறையின் பிளைவுட் பலகை.

அடுத்தது அறைகள். குடியிருப்பு அறைக்கு ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. காற்று வரத் திறக்கிற பகுதி 5 விழுக்காடாவது இருக்க வேண்டும். அறையின் பரப்பு குறைந்தது முதல் அறைக்கு 11, இரண்டாவதுக்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5 சதுர மீட்டர். எந்த அறையும் 2 மீட்டருக்குக் குறுகலாக இருக்கக்கூடாது. கூரை உயரம் குறைந்தது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2.5 மீட்டர், சமையலறைக்கு 2.25 மீட்டர். வாடகைக்கு விட ஒரு பெரிய அறையை இரண்டாகப் பிரித்தவர்கள் இந்த எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பொதுச்சுவர். அடுத்த வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற சுவர் குறைந்தது 200 மில்லிமீட்டர் திடச் சுவராக இருக்க வேண்டும். நீட்டிப்புப் பகுதியில் ஒற்றைச் செங்கல் வரிசையாக, நாலரை அங்குலத்தில் முடித்திருப்பார்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுப்பது இந்தச் சுவர்தான். அதனால்தான் அது கூரைக்கு மேலேயும் எழும்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் கூரையும் பக்கத்து வீட்டுக் கூரையும் நடுவில் சுவரே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் சிவப்பாக இரண்டு கோடு போடுங்கள்.

கடைசியாகப் பின்பக்கம் போங்கள். மேன்ஹோல் எங்கே, குழாய் எந்த வழியாகப் போகிறது, லோங்காங் (வடிகால்) மூடப்பட்டிருக்கிறதா, உங்கள் கூரைத் தண்ணீர் யார் வீட்டு நிலத்தில் விழுகிறது, படியோ தூணோ பின்பக்கச் சந்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சந்து மன்றத்தின் நிலம். அங்கே இறங்கியதை எந்த பிளானும் காப்பாற்றாது. மேன்ஹோல் மேல் கட்டியிருந்தால் அடைப்பு எடுக்க வருகிற ஆளுக்கு வழி இருக்காது. அதற்கு நாங்களே சாட்சி.

மூன்றாம் படி: பதிவு பெற்ற ஆளைப் பிடியுங்கள்

சிவப்புக் குறி போட்ட அந்தக் காகிதத்தோடு போக வேண்டிய இடம், கட்டடக் கலைஞர் அல்லது பதிவு பெற்ற கட்டடப் பிளான் வரைவாளர். வரைவாளர் ஓர் அளவுக்குள் இருக்கிற சிறிய வீடுகளுக்கு மட்டுமே பிளான் சமர்ப்பிக்கலாம். செலவு குறைவு என்பதால் டெரஸ் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் போகிறார்கள். இருவருமே லெம்பாகா ஆர்கிடெக் மலேசியா என்கிற கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயரை அவர்களுடைய இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். மேல்மாடி ஏற்றியிருந்தாலோ, தூண், பீம், தாங்குசுவர் எதையாவது தொட்டிருந்தாலோ பொறியாளரும் வேண்டும். லெம்பாகா ஜுருத்தேரா என்கிற பொறியாளர் வாரியத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு தரகர் வந்தார். "மூணாயிரம் வெள்ளி கொடுங்க அண்ணே, ஆள் இருக்கு, ரெண்டு வாரத்துல பேப்பர் வந்துரும்" என்றார். யார் பெயரில் பிளான் போகும் என்று கேட்டேன். பதில் இல்லை. உங்கள் பிளானில் கையெழுத்துப் போடுகிறவரை நேரில் பார்க்க முடியவில்லை என்றால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நல்லவர் என்றால் முதலில் வீட்டைப் பார்க்க வருவார். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்துச் சொல்வார்: அப்படியே பிளானில் காட்டி அனுமதி கேட்கக்கூடியது, சின்னத் திருத்தம் செய்தால் கிடைக்கக்கூடியது, இடித்தே ஆக வேண்டியது. எங்கள் விஷயத்தில் சமையலறை இரண்டாவது வகை. ஏர்வெல் கூரை மூன்றாவது வகை. "எல்லாத்துக்கும் வாங்கிரலாம்" என்று பார்க்காமலே சொல்கிறவரை விட்டுவிடுங்கள். பொறியாளர் சில இடங்களில் பூச்சை உடைத்துக் கம்பியைப் பார்க்கக் கேட்பார். மறுக்காதீர்கள். பார்க்காத பீமுக்கு அவர் கையெழுத்துப் போட முடியாது.

நான்காம் படி: பக்கத்து வீட்டில் பேசுங்கள்

மன்றத்துக்குப் போகும் புகார்களில் பெரும்பங்கு பக்கத்து வீட்டிலிருந்து போவதுதான் என்பது வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கூரைத் தண்ணீர், தூசி, விரிசல், ஞாயிற்றுக்கிழமை டிரில். எல்லைச் சுவரில் கட்டுகிற வேலை என்றால் பல இடங்களில் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதமும் கேட்கிறார்கள்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி, தனியாக இருக்கிறார். வருடக்கணக்காக எங்கள் தகரக் கூரைத் தண்ணீர் அவருடைய துணி காயப்போடும் இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். பிளானை எடுத்துக்கொண்டு அக்கா போய் உட்கார்ந்து, எந்தச் சுவர், எத்தனை நாள் வேலை, தண்ணீர் இனி எந்தப் பக்கம் போகும் என்று விரல் வைத்துக் காட்டினார். ஆன்ட்டி கேட்டது ஒன்றே ஒன்று: கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற பீலி, அதன் குழாய் இரண்டும் அவர் பக்கச் சுவரில் வரக்கூடாது. அதைப் பிளானிலேயே எழுதி, அப்புறம் கடிதம் வாங்கினோம். வேலை தொடங்குவதற்கு முன்னால் அவர் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து இரண்டு பேரும் ஒரு நகல் வைத்துக்கொண்டோம். பின்னால் விரிசல் பேச்சு வந்தால் பழையது எது, புதியது எது என்று சொல்ல அது உதவும்.

பினாங்கில் திட்ட அனுமதி கேட்கும்போது, அந்த இடத்துக்கு நிலப் பயன்பாட்டைச் சொல்கிற உள்ளூர்த் திட்டம் நடைமுறையில் இல்லை என்றால், 172ஆவது சட்டப்படி அண்டை நிலக்காரர்களுக்கு மன்றமே கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்னால் நீங்கள் நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: சமர்ப்பித்தல்

பிளான், விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்குகிற மன்றத்தின் ஓஎஸ்சி மையம் வழியாகப் போகும். அதைச் செய்வது பிளானில் கையெழுத்திடுகிற உங்கள் பொறுப்பாளர், நீங்கள் இல்லை. ஏற்கெனவே கட்டியதற்குக் கேட்கும் பிளானில் பழைய சுவர், கட்டிய பகுதி, இடிக்கும் பகுதி மூன்றும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். கட்டணத்தோடு, அனுமதியில்லாமல் கட்டியதற்கான தண்டமும் வரும். அது சாதாரணக் கட்டணத்தைவிடப் பல மடங்கு ஆகலாம், மன்றத்துக்கு மன்றம் மாறும். சில மன்றங்கள் அவ்வப்போது 'பெமுத்திஹான்' என்று, பழைய நீட்டிப்புகளைச் சலுகையோடு பதிந்துகொள்ளும் திட்டம் அறிவிப்பதும் உண்டு. உங்கள் மன்றத்தில் நடக்கிறதா என்று கவுன்டரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். அந்த பிளானின்படி இடிப்பதை இடித்து, திருத்துவதைத் திருத்தி, கடைசியில் அந்தப் பகுதிக்கும் சான்றிதழ் வாங்கினால்தான் முடிந்தது. பாதியில் நிற்கிற வீடுகள் நிறைய. பிளான் இருக்கும், சான்றிதழ் இருக்காது. விற்கும்போது இரண்டும் இல்லாததற்குச் சமம்.

நோட்டீஸ் ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள் என்றால்

பதறாதீர்கள், ஆனால் டிராயரில் போட்டு வைக்கவும் வேண்டாம். முதலில் அதில் மூன்று விஷயம் பாருங்கள்: தேதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எத்தனை நாள் கெடு. வேலை நடந்துகொண்டிருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பொறுப்பாளரை நியமித்துவிட்டோம், பிளான் சமர்ப்பிக்க இத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று அவருடைய கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

133ஆவது சட்டத்தின்படி அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பியதற்கு உச்ச தண்டனை 50,000 வெள்ளி அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனைக்குப் பிறகும் அப்படியே விட்டிருந்தால் நாளுக்கு 1,000 வெள்ளி. 172ஆவது சட்டத்தில் அது 500,000 வெள்ளி வரை போகிறது. சாதாரணச் சமையலறை நீட்டிப்புக்கு யாரும் உடனே அந்த உச்சத்துக்குப் போவதில்லை. ஆனால் 72ஆவது பிரிவு இடிக்கிற அதிகாரத்தை மன்றத்துக்குக் கொடுக்கிறது. பதில் கொடுக்காத ஆளுக்குத்தான் விஷயம் அங்கே போகிறது. "நான் கட்டவில்லை, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்பது உண்மையாக இருக்கலாம். நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும்.

அடுக்குமாடி வீடு, ஜார்ஜ் டவுன் வீடு, புது வீடு

அடுக்குமாடியில் மன்றத்துக்கு முன்னால் நிர்வாகக் குழு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, சீரமைப்பு வேலைக்கு அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். குளியலறையை இடம் மாற்றினால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும், பால்கனியை மூடினால் கட்டட முகப்பு மாறும். இரண்டுமே வழக்கமாகச் சண்டையில் முடிகிறவை.

ஜார்ஜ் டவுனில், லெபோ பாசார், லெபோ குவீன் பக்கம் இருக்கிற நம்மவர் கடைவீடுகளுக்குக் கதையே வேறு. அந்த வட்டாரம் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வகை கொடுத்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்கிறது. மரப் படி, ஏர்வெல், மேல்மாடிப் பலகை ஜன்னல், ஓட்டுக் கூரை, ஐந்தடி நடைபாதை எல்லாம் அதற்குள் அடங்கும். வெளியில் பெயிண்ட் நிறத்தை மாற்றுவதற்கு முன்னால்கூட மாநகர் மன்றத்தின் மரபுடைமைப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்ற இடத்தில் செய்வதுபோல் முதலில் இடித்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்கலாம் என்ற எண்ணம் அங்கே வேண்டவே வேண்டாம். இடித்த நூறு வருட மரப் படியைத் தண்டம் கட்டித் திரும்ப வாங்க முடியாது.

புது வீட்டுக்காரர்களுக்கு ஒன்று மட்டும். சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு மேம்பாட்டாளருக்கு. அதற்குள் சுவரை இடித்துவிட்டால், பின்னால் வரும் விரிசலுக்கு "நீங்கள் தொட்டதால்தான்" என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும். முதலில் குறைப் பட்டியலைக் கொடுத்து, சரிசெய்ய வைத்து, பிறகு நீட்டுங்கள்.

விற்கும்போது, வாங்கும்போது

வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து பிளானோடு ஒத்துப் பார்ப்பார். அனுமதியில்லாத பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் கடன் குறையும், மிச்சத்தை வாங்குகிறவர் கையிலிருந்து போட வேண்டும். பேரம் அந்த இடத்தில்தான் உடைகிறது. வாங்குகிறவர்களே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பிளான் நகல் கேளுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால் ஒப்பந்தத்தில் "உள்ளபடியே வாங்குகிறேன்" என்ற வாசகம் இருக்கிறதா என்று லாயரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி, அடுப்புக்குக் கீழே இருக்கிற மேன்ஹோலையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டிவிடும்.

அக்கா வீட்டில் ஏர்வெல் கூரையை எடுத்துவிட்டார்கள். சாமி மேடை கூடத்தின் கிழக்கு மூலைக்கு வந்துவிட்டது. பின்பக்கச் சுவரை மேன்ஹோலுக்கு இந்தப் பக்கமாக உள்ளே தள்ளிக் கட்டினோம். சமையலறை மூன்றரை அடி சுருங்கியது, மேன்ஹோல் இப்போது வெளியே, மூடி திறக்கிற மாதிரி இருக்கிறது. முத்திரை போட்ட பிளான், சான்றிதழ், ஆன்ட்டியின் கடிதம், தண்டம் கட்டிய ரசீது நான்கும் ஒரு பிளாஸ்டிக் உறையில், கிராண்டோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறார். போன மழைக்கு நடு அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினேன் என்று அக்கா போனில் சொன்னார்.